வண்டி இழுத்த ராஜா

1897-ம் வருஷம் ஜனவரி மாதம் 26-ந் தேதி. பாம்பன் துறையில் கரை கொள்ளாத கூட்டம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரும் புகழ் பெற்ற சுவாமி விவேகானந்தர் இலங்கை வழியாகத் தாய்நாடு திரும்புகிறார். அந்த நாளில் பாம்பனுக்குப் பாலம் கிடையாது. ரயில் பாலம் வந்தது 1914-ல்தான்.

ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி அரண்மனைப் படகில் சென்று சுவாமியை எதிர்கொண்டார். விழுந்து வணங்கினார். கரைக்கு வந்ததும் வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். பிறகு சுவாமியை ராஜாவின் சாரட்டு வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்ப வேண்டிய நேரத்தில் குதிரைகளை அவிழ்த்துவிடும்படி ராஜா சொன்னார். ஜனங்கள் வண்டியை இழுக்கத் தொடங்கினார்கள். ராஜாவும் அவர்கள் நடுவில் போய் நின்று வண்டியை இழுத்தார்!

அவருக்கு அப்போது வயது 28. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களைக் கொண்ட சமஸ்தானத்தின் ராஜா. சேதுபதி என்றால் சேதுவுக்கு அதிபதி என்று பொருள். ராமேசுவரம் யாத்திரைக்கு வரும் வடநாட்டார் அவரையும் தரிசித்துவிட்டுப் போவது வழக்கம். அப்படிப்பட்டவர் தூசியும் வியர்வையுமாக வண்டி இழுத்தார்.

பக்தியால் செய்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். பக்திதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜனங்கள் ஒருவரைத் தலைவர் என்று ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள்? எதுவரை அவர் பின்னால் போகிறார்கள்? எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்? மனிதனின் மனம் ஆதி நாளிலிருந்து எப்படி வளர்ந்து வந்தது என்று ஆராய்கிற பரிணாம மனோதத்துவ நிபுணர்கள் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இன்று கேட்பதைப் பாஸ்கர சேதுபதி தம் 35 வருஷ வாழ்க்கையில் அனுபவித்தே பார்த்துவிட்டார்.

வாள் போன பிறகு

பாஸ்கர சேதுபதி 1868-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி பிறந்தார். ஐந்து வயது நிறையும் முன்பே, 1873-ல், தகப்பனார் முத்துராமலிங்க சேதுபதி காலமானார். பிள்ளை மைனர் என்பதால் சமஸ்தானத்தைச் சர்க்காரின் கோர்ட் ஆப் வார்ட்ஸ் ஏற்றுக்கொண்டது. சிறுவனைச் சென்னைக்கு அழைத்துப்போய், ஆங்கில ஆசிரியர்களை வைத்துப் படிக்க வைத்தார்கள். கணக்காக நடந்துகொள்ளும் நவீன ஜமீன்தாராக அவரை ஆக்கிவிட வேண்டும் என்பது துரைமார்களின் எண்ணம். 1889-ல் சமஸ்தானத்தை அவர் கையில் ஒப்படைத்தார்கள்.

அவர் முன்னோர்கள் எப்படி ராஜாவானார்கள் என்பதையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். சேதுபதிகள் மறவர் குலத்தவர். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட கிழவன் சேதுபதி ராமநாதபுரத்துக்கு மதில் சூழ்ந்த கோட்டை கட்டியவர். எதிரி வந்தால் முன்னால் நின்று சண்டை போடுவார்கள். கூட வந்து சண்டை போட்டவனுக்கு நிலம் கொடுப்பார்கள். காவல் காத்தவனுக்கும் நிலம், கோயிலில் விளக்கேற்றுகிறவனுக்கும் நிலம். அப்படி வாங்கியவன் மறுபடி கூப்பிட்டால் வேலோடு வந்து நிற்பான். இப்படித்தான் ராஜ்யம் நடந்தது.

பிறகு கும்பெனியார் வந்தார்கள். 1795-ல் அப்போதைய முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து நீக்கிச் சிறை வைத்தார்கள். அவர் சென்னைக் கோட்டைச் சிறையிலேயே 1809-ல் உயிர் விட்டார். 1801-ல் மருது சகோதரர்களை அடக்கிய கையோடு, தென்னாட்டில் எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கும்பெனியார் அறிக்கை போட்டார்கள். 1803-ல் மங்களேசுவரி நாச்சியாருக்கு ஜமீன் சன்னது கொடுத்தார்கள். ராஜ்யம் ஜமீனாயிற்று. ராஜா என்ற பட்டம் மிஞ்சியது. படை இல்லை, யுத்தம் இல்லை.

படையில்லாத ராஜாவின் பின்னால் ஜனங்கள் எதற்காக நிற்க வேண்டும்?

தவிட்டுக் குருவியும் மொய் நோட்டும்

குரங்குக் கூட்டத்தில் தலைமை என்பது பெரும்பாலும் பல்லும் பலமும். பெரிய ஆண் குரங்கு முறைத்தால் மற்றது விலகும். மனிதரிடத்திலும் அந்தப் புத்தி இல்லாமல் போய்விடவில்லை. நம் தெருவிலேயே அப்படி இரண்டொருவர் உண்டு. ஆனால் மனிதரிடம் இன்னொரு வகைத் தலைமையும் உண்டு என்று ஜோசப் ஹென்ரிச், பிரான்சிஸ்கோ கில்-வைட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2001-ம் வருஷம் எடுத்துக்காட்டினார்கள். அடித்து அடக்குகிறவரைப் பார்த்து விலகிப் போகிறோம். மதிப்புக்குரியவரையோ நாமே தேடிப் போகிறோம், பக்கத்தில் உட்காருகிறோம், அவர் செய்வதைப் பார்த்து நாமும் செய்கிறோம். அவரிடம் கற்றுக்கொள்ள, அல்லது பெற்றுக்கொள்ள, ஏதோ இருக்கிறது. முதல் வகை பயத்தினால் வருவது. இரண்டாவது மதிப்பினால் வருவது.

மதிப்பு எப்படி வருகிறது? திறமையால் வரும், கொடுப்பதாலும் வரும். கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். மொய் எழுதும் இடத்தில் பெரிய தொகை வைத்த மாமாவின் பெயரைச் சொல்லும்போது பந்தலே திரும்பிப் பார்க்கிறது. அந்தப் பெயர் நோட்டில் மட்டுமல்ல, ஊர் மனதிலும் எழுதப்பட்டுவிடுகிறது.

ராமநாதபுரம் ஜில்லாவில் கருவேலங்காட்டில் கும்பல் கும்பலாகக் கத்திக்கொண்டு திரியும் தவிட்டுக் குருவியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதன் உறவுப் பறவை ஒன்று இஸ்ரேல் நாட்டுப் பாலைவனத்தில் இருக்கிறது. அமோட்ஸ் சஹாவி என்ற விஞ்ஞானி அதைப் பல வருஷங்கள் கவனித்தார். கூட்டத்தில் பெரிய பறவைகள் சின்னப் பறவைகளுக்கு இரை ஊட்டுகின்றன. உயரமான கிளையில் உட்கார்ந்து பருந்து வருகிறதா என்று காவல் காக்கின்றன. ஆச்சரியம் என்னவென்றால், இந்த வேலைக்கு அவற்றுக்குள் போட்டி! காவல் இருக்கும் சின்னதை விரட்டிவிட்டுப் பெரியது போய் உட்காருமாம். என்னால் இவ்வளவு முடியும் என்று காட்டிக்கொள்ளத்தான் இப்படிச் செய்கிறது என்பது சஹாவியின் கட்சி. வயிறு நிறைந்த பறவை தன் பாதுகாப்புக்காகவே கிளை ஏறுகிறது என்று மறுக்கிறவர்களும் உண்டு. பறவை மனசு யாருக்குத் தெரியும்! ஆனால் பாஸ்கர சேதுபதியின் அரண்மனையைப் பார்த்தவர்கள் சஹாவி பக்கம்தான் சாய்வார்கள்.

வாரி வழங்கினார்

பட்டத்துக்கு வந்த நாள் முதல் அவர் கை மூடியதே இல்லை. ராமநாதபுரம் அரண்மனையில் நவராத்திரி சேதுபதிகளின் பெரிய திருவிழா. அரண்மனைக்குள் குடிகொண்ட ராஜராஜேசுவரி அம்மனுக்கு முன்னால் சேதுபதி கொலுவிருப்பார். அந்த விழாவைப் பாஸ்கர சேதுபதி இதற்கு முன் இல்லாத ஆடம்பரத்தோடு நடத்தினார். பண்டிதர்களும் பாடகர்களும் பல ஊர்களிலிருந்து வந்து பரிசு பெற்றார்கள். கோயில்களுக்குக் கொடுத்தார். புலவர்களுக்குக் கொடுத்தார். மகா வித்துவான் ரா. இராகவையங்கார் சேது சமஸ்தானப் புலவராக இருந்தவர். மதுரையில் 1901-ல் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரும் இதே சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்தவர்தான்.

1892-ம் வருஷக் கடைசியில் ஓர் இளம் சந்நியாசி மதுரையில் ராஜாவைச் சந்தித்தார். ஊர் பேர் பரவாத காலம் அது. அவரோடு பேசிப் பார்த்த ராஜா, அமெரிக்காவில் சிகாகோ நகரில் நடக்கப்போகும் சர்வமத மகாசபைக்குப் போகும்படி தூண்டினார். சென்னை அன்பர்களும் கேத்ரி மகாராஜாவும் உதவ, 1893-ல் சுவாமி கப்பலேறினார். பிறகு நடந்தது உலகமறிந்த கதை.

இப்படிக் கொடுப்பதை துரைமார்கள் வீண் செலவு என்றார்கள். உலகத்தின் இன்னொரு மூலையிலும் அந்தச் சமயத்தில் இதே வழக்கு நடந்துகொண்டிருந்தது. கனடா நாட்டின் மேற்குக் கடற்கரையில் வாழும் பூர்வகுடிகளின் தலைவர்கள் பெரிய விருந்து வைத்து, கம்பளிகளையும் பண்டங்களையும் வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பார்கள். எவன் அதிகம் கொடுக்கிறானோ அவனே பெரிய தலைவன். அதற்குப் பொட்லாட்ச் என்று பெயர். கனடா சர்க்கார் அதைக் குற்றம் என்று சொல்லி 1885 முதல் 1951 வரை தடை செய்து வைத்திருந்தது.

ராமநாதபுரத்தில் யாரும் தடை போடவில்லை. கடன்காரர்கள் போட்டார்கள். ஜமீன் வருமானத்தில் சர்க்காருக்குப் பேஷ்கஷ் கட்ட வேண்டும். மிச்சத்தில் ஒரு ராஜாவின் கைக்கு அகலம் போதவில்லை. கடன் வாங்கிக் கொடுத்தார். கடனை அடைக்கக் கடன் வாங்கினார். 1895-ல், பட்டத்துக்கு வந்து ஆறே வருஷத்தில், சமஸ்தானத்தை இளம் பிள்ளையின் பேரில் எழுதி வைத்து, தர்மகர்த்தாக்களின் பொறுப்பில் விட வேண்டியதாயிற்று.

பாம்பனில் வண்டி இழுத்தது இதற்கு இரண்டு வருஷம் கழித்து! கஜானாச் சாவி கையை விட்டுப் போய்விட்ட ராஜா அவர். ஆனாலும் குதிரையை அவிழ்க்கச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இருந்தது. கூட்டமும் கூட வந்தது.

கொடுத்தவரை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது சரியல்ல. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? வானம் பார்த்த பூமியில், கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம் விளைவிக்கிற குடியானவன் அளந்த நெல்லிலிருந்துதான் வந்தது. உத்தியோகஸ்தர்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டினார்களே, அந்தக் காடு இந்தச் சீமைதான். வித்துவானுக்குப் போட்ட சால்வையில் கொஞ்சம் கண்மாய்க் கரைக்கு மண்ணாகப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கண்மாய்க் கரை மேல் பூசிய மண்ணுக்கு யார் கவி பாடுவார்கள்? கொடுப்பதால் வருகிற மதிப்பில் இந்த ஒரு கோளாறு உண்டு. நாலு பேர் பார்க்கிற இடத்துக்கே அது ஓடும்.

சேர்ந்து இழுத்தால்

வண்டி இழுத்ததற்குத் திரும்புவோம். மண்டபம், பாம்பன் பக்கம் கரைவலை இழுக்கிற மீனவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வரிசையாக நின்று, அம்பாப் பாட்டுப் பாடி, ஒரே நேரத்தில் கால் ஊன்றி, ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். தேர் வடம் பிடிக்கிறவர்களும் அப்படித்தான். ஒன்றாக அடி வைத்து நடந்தவர்கள் பிறகு ஒருவருக்கொருவர் அதிகமாக ஒத்துழைத்தார்கள் என்று அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. சேர்ந்து இழுத்த கை சேர்ந்தே இருக்கப் பார்க்கும். பாம்பன் தெருவில் ராஜாவும் வலைக்காரரும் ஒரே அடியாக நடந்த அந்தக் கொஞ்ச நேரம் அவர்களுக்குள் ராஜா, குடிகள் என்ற வித்தியாசம் இல்லை. ஆனால் இழுத்தது முடிந்ததும் எல்லோரும் இது எங்கள் ராஜா என்று முன்னைவிட உறுதியாக நினைத்தார்கள். கீழே இறங்கியதால் அவர் மேலே போனார்.

மறுநாள் ராமேசுவரம் கோயிலில் சுவாமி பேசினார். ஏழைகளிடத்தும் நோயாளிகளிடத்தும் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு என்பது அன்றைய பேச்சின் சாரம். ராஜா அதைக் கேட்டு உருகிப்போனார். அடுத்த நாளே ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் வழங்கினார். சுவாமி வந்திறங்கியதன் ஞாபகமாக 40 அடி உயரத்தில் ஒரு வெற்றித் தூணும் நிறுத்தினார். ராமநாதபுரத்தில் ஊர்வலம் நடந்தபோது சுவாமி வண்டியில் வர, ராஜா கால்நடையாகவே நடந்து வழி காட்டிச் சென்றார்.

ஜனவரியில் இவ்வளவும் நடந்தது. மே மாதத்தில் கமுதியில் வேறு ஒன்று நடந்தது.

கமுதிக் கோயில்

கமுதி, ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த ஊர். அங்கே மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் இருக்கிறது. சேதுபதிகள் அதன் பரம்பரை தர்மகர்த்தாக்கள். 1897 மே 14-ந் தேதி நாடார் வகுப்பைச் சேர்ந்த 15 பேர் அந்தக் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். அக்காலத்தில் அவர்களைக் கோயிலுக்குள் விடுகிற வழக்கம் இல்லை.

நாடார்களும் ஒரு கூட்டமாகக் கட்டுப்பட்டு முன்னேறிக்கொண்டிருந்த காலம் அது. கமுதி, விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களில் உறவின்முறை என்று அமைத்துக்கொண்டு, வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுப்பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் விருதுநகரில் 1889-லேயே பள்ளிக்கூடம் கண்டார்கள். கொடுக்கிற கை அங்கே ஒரு ராஜாவின் கையல்ல. எல்லோருடைய கையும் சேர்ந்த கை. பணம் இருந்தது, படிப்பு வந்தது, கோயில் வாசல் மட்டும் திறக்கவில்லை.

உள்ளே போனவர்கள் மேல் பாஸ்கர சேதுபதி தர்மகர்த்தா என்ற முறையில் வழக்குத் தொடுத்தார். அவர்களுக்கு உள்ளே வர உரிமை இல்லை என்று தீர்ப்பும், பரிகாரச் செலவுக்குப் பணமும் கேட்டார். ஏழையிடத்தில் சிவனைக் காண வேண்டும் என்று கேட்டு உருகியவரும் அவரேதான்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே பகை வளர்ந்தது. 1899 ஜூன் மாதம் சிவகாசியை மறவர்கள் பெருங்கூட்டமாக வந்து தாக்கினார்கள். கொலையும் கொள்ளையும் தீ வைப்பும் நடந்து, கலகம் பல ஊர்களுக்குப் பரவியது. அடுத்த மாதம், ஜூலை 20-ந் தேதி, மதுரைக் கோர்ட்டில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. அவர்கள் சென்னை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் செய்தார்கள்.

அப்பீல் நிலுவையில் இருக்கும்போது பாஸ்கர சேதுபதி மனம் மாறினார். நாடார்களின் வழிபாட்டு உரிமையை ஒப்புக்கொண்டு சமாதானம் செய்துகொண்டார். வழக்குப் போட்டவரே விட்டுக்கொடுத்துவிட்டார். அத்தோடு முடிய வேண்டியதுதானே?

முடியவில்லை. ராஜாவின் பக்கத்தில் நின்றவர்களே எதிர்த்தார்கள். தர்மகர்த்தா என்பவர் கோயிலைக் காக்கிறவரே தவிர, வழக்கத்தை விட்டுக்கொடுக்க அதிகாரம் உள்ளவர் அல்ல என்று ஹைகோர்ட் அந்தச் சமாதானத்தை ஏற்க மறுத்தது. ராஜா விலகிய இடத்தில் நின்று வழக்கை நடத்த மற்றவர்கள் வந்தார்கள். நாடார்கள் அங்கேயும் தோற்றார்கள்.

குதிரையை அவிழ்க்கச் சொன்னபோது கூட வந்த கூட்டம், வாசலைத் திறக்கச் சொன்னபோது வரவில்லை.

இதற்கும் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஆதி மனிதர் சின்னச் சின்னக் கூட்டமாக வேட்டையாடித் திரிந்தவர்கள். அப்படிப்பட்ட கூட்டங்கள் தலைவனை அளவுக்கு மீறி வளர விடுவதில்லை என்று கிறிஸ்டோபர் போம் என்பவர் 1999-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தில் பெரிய வேட்டை அடித்து வந்தவனைப் பாராட்ட மாட்டார்களாம். இந்த எலும்புக் கூட்டையா தூக்கி வந்தாய் என்று கேலி செய்வார்களாம். தலைக்கனம் ஏறாமலிருக்கத்தான். கேலியில் அடங்காதவனை விட்டு விலகிப் போவார்கள். தலைவன் கையில் கயிறு இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கயிற்றின் மறு நுனி கூட்டத்தின் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தன் கூட்டத்துக்காகத் தியாகம் செய்கிற குணமும், வெளிக் கூட்டத்தாரைத் தள்ளி வைக்கிற குணமும் ஒன்றுக்கொன்று துணையாகச் சேர்ந்து வளர்ந்திருக்கலாம் என்று சாய், பவுல்ஸ் என்ற இருவர் 2007-ல் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்குதான், கண்ணால் கண்டதல்ல. ஆனாலும் கமுதியில் நடந்ததற்கு அது பொருந்துகிறது. எங்கள் கோயில் என்று உயிரைக் கொடுப்பவனே, நீ வராதே என்று வாசலை மறிக்கவும் செய்கிறான். சோறு, துணி, பொன், சால்வை எதையும் ராஜா கொடுக்கலாம். அது ராஜாவின் பெருமை, கூட்டத்துக்கும் பெருமை. கூட்டத்தின் எல்லைக்கோட்டை மட்டும் அவர் எடுத்து எதிராளியிடம் கொடுக்க முடியாது. அது அவர் சொத்தாக இருக்கவே இல்லை.

அதற்காக மனிதன் புத்தி மாறவே மாறாது என்று நினைத்துவிடக் கூடாது. எல்லை போடும் புத்தி ஆதியில் வந்ததாக இருக்கலாம். கோட்டை எந்த இடத்தில் போடுவது என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். பாம்பன் கரையில் வங்காளத்துச் சந்நியாசி ஒருவரை எங்கள் சுவாமி என்று தலைமேல் வைத்துக் கொண்டாடியதும் இதே சீமை ஜனங்கள்தான். பக்கத்துத் தெருக்காரரை வெளியே நிறுத்தியதும் இதே சீமைதான்.

பாஸ்கர சேதுபதி 1903-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி காலமானார். வயது 35. கமுதி வழக்கு அவரோடு முடியவில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே கடைசித் தீர்ப்பும் வந்தது. அந்தத் தீர்ப்பில் சேதுபதி தரப்பில் குறிக்கப்பட்டிருக்கும் பெயர் அவருடையதல்ல. அவர் மகன் ராஜராஜேசுவர சேதுபதியின் பெயர். தகப்பனார் விட்டுக்கொடுத்த வழக்கில் பிள்ளையின் பெயரால் வெற்றி கிடைத்தது.

1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஆறு பேரை அழைத்துக்கொண்டு நுழைந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐந்து பேர், நாடார் ஒருவர். ராஜாஜியின் மந்திரிசபை அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. கமுதிச் சமாதானம் செல்லாது என்று ஆகி அப்போது ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆகியிருந்தது.